சித்தப்பாவின் இரண்டு பாஸ்புக்

தை மாதக் கடைசி. சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. குடவாசலில் நான் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் சிட்டாவும் அடங்கலும் நகலெடுக்க வருபவர்களின் கூட்டம் காலையிலிருந்தே ஓயவில்லை. சித்தப்பா வந்து ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்தார். கூட்டம் குறையட்டும் என்று அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் போனை நீட்டினார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. பம்பாயிலேர்ந்து பழைய சினேகிதர் அனுப்பியிருக்கார்."

அவர் டெபாசிட் வைத்திருந்த கூட்டுறவு வங்கியின் மேல் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்திருக்கிறது, மறு உத்தரவு வரும்வரை யாரும் பணம் எடுக்க முடியாது என்று செய்தி. இரண்டு முறை படித்தேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெம்பு வரவில்லை. அந்த வங்கியின் பெயர் இங்கே வேண்டாம்.

சித்தப்பா முப்பத்து மூன்று வருடம் மும்பையில் தனியார் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, பூர்வீக வீட்டின் ஓட்டை மாற்றிவிட்டு, சித்தியோடு அமைதியாக இருந்தார். கம்பெனி கொடுத்த பணத்தை மட்டும் ஊருக்குக் கொண்டு வரவில்லை. மற்ற வங்கிகளைவிட அங்கே அரை சதவீதம் வட்டி கூட. அதுவும் இருபது வருடப் பழக்கம். மேனேஜர் பெயர் சொல்லிக் கூப்பிடுவாராம்.

அன்று இரவு அவர் வீட்டுக் கூடத்தில் பாஸ்புக்கையும் டெபாசிட் ரசீதுகளையும் பாயில் பரப்பிக் கணக்குப் போட்டோம். செம்பூர் கிளையில் அவர் பெயரில் வட்டியோடு சேர்த்து 4,20,000 ரூபாய். மாதுங்கா கிளையில் அவர் பெயரிலேயே 3,10,000. இவை போக, சித்தி பெயர் முதலிலும் அவர் பெயர் இரண்டாவதாகவும் போட்டு, ஒரு கூட்டு டெபாசிட் 3,90,000. மொத்தம் 11,20,000. அவர்களிடம் இருந்த ரொக்கம் எல்லாம் அவ்வளவுதான்.

சித்தி அழவில்லை. "நம்ம வீட்டு நெல்லு கொஞ்சம் இருக்கு, சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை" என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

வங்கிப் பணத்துக்கு இன்ஷூரன்ஸ் உண்டு என்று எங்கோ படித்த ஞாபகம் இருந்தது. ஆனால் யார் கொடுப்பார்கள், எவ்வளவு, எப்போது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அடுத்த இரண்டு வாரம் அதையே தேடிப் படித்தேன். கடையில் படிவம் நிரப்பிக் கொடுத்தே பிழைக்கிறவன் நான். எனக்கே தெரியவில்லை என்றால் கழனியில் நிற்கிறவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்ற வருத்தம் அப்போது வந்தது, இன்னும் போகவில்லை.

இந்தக் காப்பீட்டைத் தருவது டி.ஐ.சி.ஜி.சி. வைப்புக் காப்பீடு மற்றும் கடன் உத்தரவாதக் கழகம் என்பது அதன் முழுப் பெயர். முழுக்க ரிசர்வ் வங்கிக்குச் சொந்தமான நிறுவனம். 1960-ல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டு மக்கள் பணம் முடங்கியது. அதைத் தொடர்ந்து 1961-ல் சட்டம் கொண்டுவந்து, 1962 ஜனவரி 1-ல் காப்பீட்டைத் தொடங்கினார்கள். அப்போது ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,500 ரூபாய்வரைதான் பாதுகாப்பு. அது படிப்படியாக ஏறி 1980-ல் 30,000 ஆனது, 1993-ல் ஒரு லட்சம். அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபத்தேழு வருடம் அப்படியே நின்று, 2020 பிப்ரவரி 4-ல்தான் ஐந்து லட்சமாக உயர்ந்தது. சித்தப்பாவின் வங்கி இந்த உயர்வுக்கு முன்னால் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

இதற்கான பிரீமியத்தை வங்கிதான் கட்டுகிறது. 100 ரூபாய் டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 12 காசு என்று 2020 ஏப்ரலில் வைத்தார்கள். நம் கணக்கில் கை வைக்கக் கூடாது. நாம் மனு எதுவும் கொடுத்துச் சேரவும் வேண்டாம். கணக்கு தொடங்கிய அன்றே காப்பீடு சேர்ந்துவிடுகிறது. சேமிப்புக் கணக்கு, நடப்புக் கணக்கு, எஃப்.டி., ஆர்.டி. எல்லாம் இதில் அடங்கும்.

ஐந்து லட்சம் என்பதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். சித்தப்பாவும் அங்கேதான் விழுந்தார். "இரண்டு கிளையில பிரிச்சுத்தானே வெச்சிருக்கேன், கிளைக்கு அஞ்சு லட்சம் இல்லையா?" என்று கேட்டார். இல்லை. ஒரே வங்கியின் எல்லாக் கிளைகளிலும் ஒருவர் பெயரில் இருக்கும் பணத்தை ஒன்றாகக் கூட்டித்தான் பார்ப்பார்கள். செம்பூரும் மாதுங்காவும் சேர்ந்து 7,30,000. அதில் ஐந்து லட்சத்துக்குத்தான் காப்பீடு. மீதி 2,30,000 வெளியே நிற்கிறது. அந்த மாதுங்கா டெபாசிட்டை எதிர்ச்சாரியில் இருக்கும் வேறொரு வங்கியில் போட்டிருந்தால் ஒரு ரூபாய்கூட மாட்டியிருக்காது.

ஆனால் சித்தி பெயர் முதலில் வரும் கூட்டு டெபாசிட் தனிக் கணக்கு. சட்டத்தில் இதை ஒரே தகுதி, ஒரே உரிமை என்று பார்க்கிறார்கள். ஒருவர் தனக்காகத் தனியாக வைத்திருப்பது ஒரு தகுதி. இருவர் சேர்ந்து வைத்திருப்பது இன்னொன்று. மைனர் பிள்ளைக்குக் கார்டியனாக வைத்திருப்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து லட்சம் தனித்தனியாக உண்டு. கூட்டுக் கணக்கில் பெயர்களின் வரிசைகூடக் கணக்கில் வரும். கணவர் முதலில், மனைவி இரண்டாவது என்று ஒரு கணக்கும், மனைவி முதலில், கணவர் இரண்டாவது என்று இன்னொரு கணக்கும் இருந்தால் அவை வெவ்வேறு. ஒரே வரிசையில் நாலு கணக்கு வைத்திருந்தால் நாலும் ஒன்றாகக் கூடிவிடும். சித்தப்பா இதெல்லாம் தெரிந்து செய்யவில்லை. கல்யாண நாள் அன்று சித்தி பெயர் முதலில் வரட்டும் என்று ஆசையாகப் போட்டது. அந்த ஆசைதான் 3,90,000 ரூபாயை முழுதாகக் காப்பாற்றியது.

எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. என் ஜெராக்ஸ் கடைக்கு நடப்புக் கணக்கு தனியாக இருக்கிறது, அது கடைப் பணம், என் சேமிப்பு வேறு என்று நினைத்திருந்தேன். தனி ஆள் நடத்தும் கடை என்றால் கடையும் ஆளும் சட்டத்துக்கு ஒன்றுதான். இரண்டையும் கூட்டித்தான் ஐந்து லட்சம். பார்ட்னர்ஷிப் கடையாக இருந்தால் வேறாக எண்ணுவார்கள்.

இனி, எப்போது கிடைக்கும் என்ற கேள்வி. முன்பெல்லாம் வங்கியின் உரிமம் ரத்தாகிக் கலைப்பு நடவடிக்கை தொடங்கிய பிறகுதான் காப்பீட்டுப் பணம் வரும். கட்டுப்பாடு போட்டு வருடக்கணக்கில் இழுத்தால் மக்களும் அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, ஆரம்பத்தில் ஒருவர் ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். மருந்து வாங்கவும் பீஸ் கட்டவும் வழியில்லாமல் மக்கள் தெருவில் நின்றதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அப்புறம்தான் 2021-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல், ரிசர்வ் வங்கி இப்படி முழுக் கட்டுப்பாடு விதித்தால் 90 நாளுக்குள் ஐந்து லட்சம்வரை தந்தாக வேண்டும். முதல் 45 நாளில் வங்கி யார் யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் கொடுக்க வேண்டும். மீதி நாளில் கழகம் அதைச் சரிபார்த்துப் பணம் போடும். வங்கியை இன்னொன்றோடு இணைக்கும் பேச்சு நடந்தால் மட்டும் இன்னொரு 90 நாள் தள்ளிப்போகலாம்.

சித்தப்பா செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்: காப்பீட்டுப் பணத்தைப் பெற்றுக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு படிவம், அடையாளச் சான்றுகளின் நகல், பணம் வந்து சேர வேறு வங்கியில் அவர் பெயரில் ஒரு கணக்கு. கேட்க எளிது. குடவாசலில் உட்கார்ந்துகொண்டு மும்பை வங்கிக்கு அதைக் கொடுப்பது அவ்வளவு எளிதாக இல்லை. அவர் பாஸ்புக்கில் பழைய செம்பூர் விலாசம், ஆதாரில் ஊர் விலாசம். வங்கியில் கொடுத்திருந்த செல் நம்பர் எப்போதோ ரத்தான நம்பர். சித்தி பெயர் ஒன்றில் இனிஷியலோடும் ஒன்றில் கணவர் பெயரோடும் இருந்தது. கடைசியில் சித்தப்பா ரயிலேறி மும்பைக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அறுபத்தேழு வயதில் அந்த அலைச்சல் தேவையே இல்லை. செல் நம்பரையும் விலாசத்தையும் பெயரையும் சரியாக வைத்திருந்தால் ஊரிலிருந்தே முடிந்திருக்கும். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து இந்த வாரமே அம்மா அப்பாவின் பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள்.

அங்கே வரிசையில் நின்ற அவருடைய நண்பருக்கு அந்த வங்கியில் ஆறு லட்சம் டெபாசிட். அதே வங்கியில் இரண்டு லட்சம் கடன் பாக்கி. தனக்கு ஐந்து லட்சம் வரும் என்று நினைத்திருந்தார். வங்கி கடனைக் கழித்துக்கொண்டு நாலு லட்சத்தைத்தான் பட்டியலில் எழுதியது. அதற்குச் சட்டம் இடம் தருகிறது.

சித்திரை பிறந்து பத்து நாள் இருக்கும். பகல் இரண்டு மணிக்குச் சித்தப்பாவிடமிருந்து போன். "வந்துடுச்சு தம்பி" என்றார், அதற்கு மேல் பேச முடியவில்லை. அவர் கணக்கில் ஐந்து லட்சம், கூட்டு டெபாசிட்டுக்கு 3,90,000. ஆக 8,90,000 ரூபாய், சொன்ன கெடுவுக்குள். அரசாங்கம் சொன்ன தேதியில் சொன்ன தொகை வந்து சேர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் இதை இவ்வளவு உறுதியாக எழுதுகிறேன்.

மீதி 2,30,000 இன்னும் வரவில்லை. பிறகு அந்த வங்கியின் உரிமமும் ரத்தானது. கலைப்பு அதிகாரி சொத்துகளை விற்று, கடன்களை வசூலித்து, வருவதிலிருந்து கொடுப்பார். கழகம் கொடுத்த பணத்தையும் அதிலிருந்துதான் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆக, மிச்சமிருந்தால்தான் நமக்கு.

இதற்குப் பிறகு என் கடைக்கு வருகிறவர்களின் பாஸ்புக் என் கண்ணில் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. நம் பக்கத்தில் பணம் மொத்தமாக வரும் நேரங்கள் குறைவு. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குக் கணக்கில் ஏறும் பணம், சாலைக்கு நிலம் எடுத்ததற்கு வரும் இழப்பீடு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்புவது, வாத்தியார் வேலையில் ஓய்வு பெறும்போது வருவது. வந்த பணம் எங்கே போய் உட்கார்கிறது என்று பார்த்தால் பாதிப் பேருக்கு அது எந்தப் பாதுகாப்பில் இருக்கிறது என்பதே தெரியவில்லை.

கிராமத்தில் சொசைட்டி என்று சொல்கிறோமே, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், அதில் நிறையப் பேர் டெபாசிட் வைத்திருக்கிறார்கள். பயிர்க்கடனும் நகைக்கடனும் அங்கே வாங்குவதால் அதுவும் பேங்க் என்றே நினைப்பு. சொசைட்டி டெபாசிட்டுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. அதே கூட்டுறவுத் துறையில், கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் இருக்கும் மத்திய கூட்டுறவு வங்கிகளுக்கு உண்டு. நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கும் உண்டு. சொசைட்டி மோசம் என்று நான் சொல்லவில்லை. அதில்லாவிட்டால் எங்கள் ஊரில் நடவே நடக்காது. காப்பீடு இல்லாத இடத்தில் ஆயுள் சேமிப்பு முழுவதையும் வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

அஞ்சலகச் சேமிப்பு இந்தக் கழகத்தின் கீழ் வராது. அது மத்திய அரசே நேரடியாகப் பொறுப்பேற்கும் பணம், ஐந்து லட்சம் என்ற வரம்பும் அங்கே இல்லை. சீட்டு, நிதி கம்பெனி, நகைக்கடைச் சேமிப்புத் திட்டம், தனியார் ஃபைனான்ஸ், இவை எதற்கும் இந்தக் காப்பீடு இல்லை. ஃபைனான்ஸ் கம்பெனி ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்றிருந்தாலும் இல்லை.

இதில் என் வீட்டிலேயே ஒரு காயம் உண்டு. என் அம்மாவின் அக்கா, வலங்கைமான் பக்கம் இருக்கிறார். மனை விற்ற பணம் மூன்று லட்சத்தை, மாதம் லட்சத்துக்கு இரண்டாயிரம் தருகிறோம் என்ற ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். கண்ணாடிக் கதவு, ஏசி, லாக்கர், டோக்கன் மெஷின் எல்லாம் வைத்துப் பார்க்க வங்கி போலவே இருக்கும். பத்து மாதம் வட்டி சரியாக வந்தது. பதினோராம் மாதம் ஷட்டர் இறங்கியது. பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தோம். தமிழ்நாட்டில் இதற்கென்றே 1997-ல் போட்ட முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நிறுவனத்தின் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, சிறப்பு நீதிமன்றம் வழியாகப் பிரித்துக் கொடுப்பார்கள். வழி இருக்கிறது, ஆனால் 90 நாள் என்ற கெடு அங்கே இல்லை. பெரியம்மா இன்னும் ஒவ்வொரு தவணைக்கும் பஸ் ஏறிப் போய் வருகிறார். சித்தப்பாவுக்கு வந்த 8,90,000 பற்றி அவரிடம் சொல்ல எனக்கு மனசே வரவில்லை.

ஒரு நிறுவனம் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்க்க அதிக நேரம் ஆகாது. டி.ஐ.சி.ஜி.சி. இணையதளத்தில் காப்பீடு பெற்ற வங்கிகளின் பட்டியல் இருக்கிறது. வங்கிகள் தங்கள் இணையதளத்தில் கழகத்தின் சின்னத்தையும் க்யூஆர் கோடையும் காட்ட வேண்டும் என்று 2023-ல் உத்தரவானது. போனில் பார்க்கத் தெரியாதவர்கள் கிளையிலேயே நேராகக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. பதில் சொல்ல யோசிக்கிற இடத்தில் பணம் போடாதீர்கள்.

இதைச் சொன்னதும் சிலர் பயந்துபோய் எல்லாப் பணத்தையும் வீட்டுப் பீரோவுக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள். அது வேண்டவே வேண்டாம். வணிக வங்கி ஒன்று தள்ளாடினால் அதை இன்னொரு வங்கியோடு சேர்த்துவிடுவதுதான் நம் நாட்டில் வழக்கம். எங்கள் தாத்தா காலத்தில் இங்கே பாங்க் ஆஃப் தஞ்சாவூர் இருந்தது, 1990-ல் இந்தியன் வங்கியோடு இணைந்தது. 2020 நவம்பரில், கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியில் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று ஆனது. பத்தே நாளில் டி.பி.எஸ். வங்கியோடு சேர்த்தார்கள், டெபாசிட் வைத்தவர்களின் பணம் முழுதாக நின்றது. ஆனால் அந்த வங்கியின் பங்குகளை வைத்திருந்தவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. வங்கி நல்ல வங்கி என்று அதன் பங்கை வாங்குவதும் அதில் டெபாசிட் போடுவதும் ஒன்றென்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

போன ஆவணியில் ஓர் அக்கா கடைக்கு வந்தார். கணவர் வளைகுடாவில் இறந்துபோய், அந்தக் கம்பெனியிலிருந்து 18 லட்சம் வந்திருந்தது. வயது நாற்பத்தைந்து, எட்டாவது படிக்கிற மகள். முழுப் பணமும் ஒரே சேமிப்புக் கணக்கில் கிடந்தது. நல்ல வட்டி வாங்கித் தருகிறேன் என்று அதற்குள் மூன்று பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்களாம். சித்தப்பாவும் அப்போது கடையில் இருந்தார். அவரே எழுந்து, பழைய நெல் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட ஆரம்பித்தார்.

அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் ஒருவர் பெயரில் ஒன்பது லட்சம்வரை போடலாம். வீட்டுச் செலவுக்கு மாதா மாதம் வட்டி வரும், அது முதலில். பிறகு இரண்டு வங்கிகளில் அவர் பெயரில் தலா மூன்றரை லட்சம். ஏன் ஐந்து லட்சம் போடவில்லை என்று அக்கா கேட்டார். ஐந்து லட்ச வரம்பில் அசலும் வட்டியும் சேர்ந்தே வரும் என்று சித்தப்பா விளக்கினார். ஏழு சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டு வட்டி சேர்த்தால் 3,50,000 ரூபாய் ஐந்து வருடத்தில் ஏறக்குறைய 4,95,000 ஆகிறது, வரம்புக்குள் நிற்கும். நாலரை லட்சம் போட்டிருந்தால் 6,36,000 வரை போய்விடும். மீதி இரண்டு லட்சத்தில் ஒரு லட்சம் மகள் பெயரில், அம்மா கார்டியனாக. இன்னொரு லட்சம் அவசரத்துக்குச் சேமிப்புக் கணக்கிலேயே. அந்தக் கணக்கு எந்த வங்கியில் இருந்ததோ அதைத் தவிர்த்து, எஃப்.டி.க்கு வேறு இரண்டு வங்கிகளைச் சொன்னோம்.

அக்கா நோட்டுப் பக்கத்தை நகல் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். சித்தப்பா அதை வாங்கி, மூன்று வங்கிப் பெயர்களுக்கும் நேரே "செல் நம்பர் சரிபார், நாமினி எழுது" என்று பேனாவால் எழுதி, அடியில் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.